'சென்ஷார்' என்ற சொல்லோடு ஒரு குளிர்காலம்

கிராகூவ் நகரத்து அகராதி அலுவலகத்தில் எவரிஸ்த்துக்கு அந்த ஆண்டு பங்காக வந்த சொல் 'சென்ஷார்'. அந்த ஊர் மொழியில் பாரம் என்று பொருள். அதன் வேர், இழுப்பதைக் குறிக்கும் பழங்காலச் சொல். பிள்ளை சுமப்பவளுக்கும் சரக்கு லாரிக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர்.

"இதை வீட்டுல போய்ச் சொல்லிவைக்காதே தம்பி. ராத்திரிக்கு சூப் கிடைக்காது" என்று தலைமை ஆசிரியை தெயோஃபிலா சிரித்தாள். எவரிஸ்த்தின் மனைவி கொர்னேலியாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்த வாரம் கடையில் குழந்தை வண்டிகள் வந்திருந்தன. பிள்ளை பிறக்குமுன் வண்டி வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்பது அங்கே நம்பிக்கை. அது எவரிஸ்த்துக்கும் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான காலம், இப்போது விட்டால் அடுத்து எப்போது வருமோ? விடியும் வரை வரிசையில் நின்று வாங்கிவிட்டான். கொர்னேலியா வண்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு நாளில் அவளுக்கு வலி கண்டுவிட்டது.

பிரசவ விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். கணவன்மார்கள் ஜன்னலுக்குக் கீழே பனியில் நிற்பார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் அன்றைய எடையைக் காகிதத்தில் பெரிதாக எழுதி, மூன்றாவது மாடி ஜன்னலில் கொர்னேலியா பிடித்துக் காட்டுவாள். ஏறியிருந்தால் இரண்டு கைகளாலும் பிடிப்பாள். இறங்கியிருந்தால் ஒரு கையால்.

"நம்ம பையன் நாலு கிலோ. உங்களுது?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான்.

"ஒரு ரொட்டி அளவு."

அவன் ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினான்.

அலுவலகத்தில் சொல்லின் கடைசிப் பொருள் மட்டும் மிச்சமிருந்தது. பழைய சட்டத்தில், வயலில் மேய்ந்த அடுத்தவன் மாட்டை ஈடாகப் பிடித்து வைப்பதற்கும் அதே வேர்ச்சொல்தான். அபராதம் கட்டினால் மாடு திரும்பி வரும். எவரிஸ்த்தின் பேனா அங்கே நின்றுவிட்டது. என் குழந்தையை எதற்கு ஈடாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? அந்த வண்டிக்குத்தானா?

அன்று மாலையே வண்டியைக் கீழ்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே ஒதிலியா என்ற நிறைமாத கர்ப்பிணி இருந்தாள். சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

"எத்தனையோ வரிசையில நின்னு பார்த்துட்டோம், கிடைக்கல. ஆனா இது வேண்டாங்க" என்றாள் அவள். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

வண்டியைக் குப்பைத் தொட்டியருகே விட்டுவிட்டு, அபராதம் கட்டியவன்போல் அவன் மாடியேறினான்.

மறுநாள் ஜன்னலில் காகிதம் இல்லை. கொர்னேலியாவின் இரண்டு உள்ளங்கைகளும் வெறுமையாகக் கண்ணாடியில் பதிந்திருந்தன. அவன் பனியிலேயே முழந்தாளிட்டான்.

அவளை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, கதவருகே அந்த வண்டி நின்றது. மறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, யாரோ நல்ல மனிதர் பனியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

கொர்னேலியா தன் மருத்துவமனைத் துணிமூட்டையை மெதுவாக வண்டிக்குள் படுக்க வைத்தாள்.

"ஒரு கை பிடி" என்றாள்.

மூட்டையைத் தவிர அதில் எதுவும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தும் வாசற்படியைத் தாண்டி அதைத் தூக்க முடியவில்லை.