கிருஷாந்தி வாங்கிய இரண்டாவது டிஸ்க்

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பராவில் கிருஷாந்தி குடியிருந்தாள். பத்து வருடம் கொழுந்தெடுத்தவள். முழங்கால் வலியால் வேலையை விட்டபின், ஹட்டனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, பழைய பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தாள். அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புப் பத்திரத்தில் பிழை திருத்தம், பள்ளிக்கூடக் கடிதம் என்று தோட்டத்தின் மூன்று டிவிஷன் ஆட்களும் அவளிடம்தான் வந்தார்கள். ஒவ்வொருவர் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து பெயர் வாரியாக வைத்திருந்தாள். கூரை ஒழுகிப் பத்திரம் நனைந்து போனவர்களுக்கு அது எத்தனையோ தடவை கைகொடுத்தது.

போன மாசி மாதம் அந்த நல்ல பெயர் கெட்டது. கீழ் டிவிஷன் சீதாலெட்சுமியின் அடையாள அட்டை இலக்கத்தில், அவளுக்கே தெரியாமல் யாரோ சிம் கார்டு எடுத்து, பரிசு விழுந்ததாகச் சொல்லி ஆட்களை ஏமாற்றியிருந்தார்கள். பொலிஸ் வந்து அவளை விசாரித்தது. அவள் அட்டைப் பிரதி கொடுத்த இடங்கள் ஏழெட்டு இருக்கும். ஆனால் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கிருஷாந்தியின் பெயர்தான் அடிபட்டது. நேரில் யாரும் கேட்கவில்லை. அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவளும் யாரையும் நம்பவில்லை. ஜன்னலுக்குத் துணி போட்டாள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டு, அதைத் தேயிலைப் பெக்டரியில் வேலை செய்யும் புருஷன் கந்தப்பனுக்குக்கூடச் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது. புதிதாக ஒன்றும் ஏறவில்லை. தலவாக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜீவராஜிடம் போனாள்.

"உள்ளுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் பூட்டிறலாங்க்கா. பெட்டியக் கொண்டாந்து வச்சிட்டுப் போங்க, நாளைக்குத் தாறேன்."

"வச்சிட்டெல்லாம் போக ஏலாது தம்பி. சனங்களோட பத்திரம் கெடக்கு. டிஸ்க்க மட்டும் குடுங்க, நானே பூட்டிக்கிறேன்."

ஜீவராஜ் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு டிஸ்க்கையும் வயரையும் நாலு திருகாணியையும் கொடுத்து, எதை எங்கே மாட்டுவது என்று காட்டினான். உறை பிரித்து ஒட்டியதா என்று அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டே எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, கரண்ட் வயரைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, சொன்னபடியே மாட்டினாள். கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது. மூன்று தடவை கழற்றி மாட்டியும் அதே கதை. ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்க் கடையில் நின்றாள். "செத்துப்போன டிஸ்க்க என் தலையில கட்டிட்டீங்களே தம்பி!"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜீவராஜ் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். "கைய வச்சிப் பாருங்க. ஓடுதா? புது டிஸ்க்குக்கா. ஒரு தரம் தயார் பண்ணி, D, E-ன்னு பேருக்கு ஒரு எழுத்து வச்சாத்தான் கம்ப்யூட்டர் காட்டும். அத நான் சொல்லாதது என் பிழைதான்."

அவள் கண் முன்னாலேயே செய்தான். டிஸ்க் திரையில் வந்தது. ஆனால் அவளுக்கு இன்னொன்று உறுத்தியது.

"உறையில ஆயிரம் ஜீபின்னு போட்டிருக்கு. இங்க தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டுது. மிச்சம் எங்க?"

"கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க. கம்ப்யூட்டரு ஆயிரத்து இருவத்துநாலு ஆயிரத்து இருவத்துநாலா எண்ணுது. அந்த வித்தியாசந்தான்."

அவள் நம்பவில்லை. கடையின் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்த அதே அளவு டிஸ்க்கைத் திறந்து காட்டச் சொன்னாள். அதிலும் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

"அக்கா," என்றான் ஜீவராஜ் குரலைத் தாழ்த்தி, "ஒங்க சனங்க பத்திரத்த வச்சி நான் என்னா செய்யப் போறேன்?"

டிஸ்க்கைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று பின்னேரத்துக்குள் எல்லாப் பத்திரங்களுக்கும் புது டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவிட்டாள். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும் என்ற நிம்மதி இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் சீதாலெட்சுமி வந்து வாசலிலேயே நின்றாள்.

"புள்ள, என் காயிதத்தையெல்லாம் அழிச்சிரு."

"உள்ள வாங்கக்கா."

அவள் பார்த்திருக்கவே கிருஷாந்தி அழித்தாள். சீதாலெட்சுமி நகரவில்லை.

"இன்னொரு டிஸ்க் வாங்கி ஒளிச்சு வச்சிருக்கியாமே. அதுல?"

"யாரு சொன்னா?"

"ஒன் வீட்டுக்காரருதான் பெக்டரியில சொன்னாராம்."

கிருஷாந்திக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சீதாலெட்சுமியின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடையில் தான் நின்று பார்த்த பார்வையும் இதுதான். அதோடு, கேட்டதில் பொய்யும் இல்லை. அதிலும் ஒரு பிரதி இருந்தது.

"இருக்குக்கா. ஒளிக்கல. இப்பிடி ஒக்காருங்க."

முக்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் இருந்த இங்கிலீஷைச் சீதாலெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. அட்டையில் இருந்த தன் முகத்தை மட்டும் அடையாளம் கண்டாள். அந்த முகம் புது டிஸ்க்கிலிருந்தும் மறைந்தது. கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டியபோது, "அங்கயும் போயிருச்சா?" என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு எழுந்து போனாள்.

அந்த வாரத்துக்குள் பதினொரு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். பதினொரு பேரையும் முக்காலியில் உட்கார்த்தி வைத்துத்தான் அழித்தாள். சிம் எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஜன்னல் துணியை மட்டும் கிருஷாந்தி கழற்றிவிட்டாள். சீதாலெட்சுமி இப்போதும் கடிதம் எழுத அவளிடம்தான் வருகிறாள். எழுதி முடிந்ததும் அழிக்கச் சொல்லி, இரண்டு டிஸ்க்கையும் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டுகிறாள்.