இரண்டரை இஞ்சுக் குழாய்

போன சீசனில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். குளிப்பதற்கு அல்ல. சென்னையிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டாரை அருவிக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய செருப்புகளுக்கும் செல்போன்களுக்கும் காவலாக வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன். என் வயதுக்கு இப்போது கிடைக்கிற உத்தியோகம் அதுதான். அப்போது ஒரு ஜீப் உறுமிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. பெரிய டயர்கள், கூரையில் ஏணி, பின்னால் என் முழங்கைப் பருமனுக்கு ஒரு புகைக்குழாய். சூடான அந்தக் குழாயின் மேல் சாரல் விழுந்து ஆவி கிளம்பியது. காய்ந்த இரும்பும் துருவும் மழையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் காவலை விட்டுவிட்டு அந்தக் குழாயின் பக்கம் போனேன். மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகை வாசனையில் பழைய நினைவுகள் வருமாம். எனக்கு விதித்தது சைலன்சர்.

டிப்ளமா முடித்த கையோடு தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் இருந்த காதர் பாயின் சைலன்சர் கடையில் சேர்ந்தேன். ஓட்டை விழுந்த சைலன்சருக்கு ஒட்டுப் போடுவதும் புதுக் குழாய் வளைத்து மாட்டுவதும்தான் வேலை. ஆனால் யார் கேட்டாலும் 'எக்ஸாஸ்ட் டிசைன்ல இருக்கேன்' என்றுதான் சொல்வேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படியே சொன்னேன். பெண்ணின் அப்பா என் நகக்கண்ணில் இருந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் அமையவில்லை.

ஒரு நாள் பாய், துபாயிலிருந்து வருகிற மகனை அழைக்கத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். போகும்போது, "ஒட்டுப் போடுத வேல மட்டும் பாருலே. பெருசா எதையும் நோண்டாத. நான் வந்துருதேன்" என்றார். அவர் போன வேன் தெரு திரும்பியிருக்காது, தங்கையா அண்ணாச்சி வந்துவிட்டார். மலை மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவர். பழைய பெட்ரோல் ஜீப்.

"தம்பி, மேல போவப் போவ வண்டி மூச்சு வாங்குது. கடைசி வளைவுல லோடோட ஏறவே மாட்டேங்கு. திங்கக்கெழம மேனேஜரே கூட வாராரு. ஏறலன்னா வண்டிய வித்துருவாங்க, என்னையும் எறக்கிருவாங்க. மூணு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க."

பாய் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நோட்டை எடுத்தேன். உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. ஆகவே இன்ஜின் திணறுகிறது. திணறுகிறவனுக்கு என்ன தேவை? தாராளமாக மூச்சு விட இடம். ஆகவே குழாய் பெரிதாக வேண்டும். இரண்டு 'ஆகவே' போட்டதும் அது விஞ்ஞானமாகிவிட்டது. ஒன்றே முக்கால் இஞ்சுக் குழாயைக் கழற்றிவிட்டு, கடையில் கிடந்த இரண்டரை இஞ்சுக் குழாயை வளைத்து மாட்டினேன்.

சோதனை ஓட்டம் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு. எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வண்டியை ரிப்பேர் பார்த்தாலும் அந்த ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். மேடே இல்லாத ரோடு என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை. ஜீப் போட்ட சத்தத்தில், எண்ணெய் தேய்த்து மணையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோவணத்தோடு எழுந்து நின்று பார்த்தார்கள். "யப்பா, புலி மாதிரில்லா உறுமுது!" என்று தங்கையா அண்ணாச்சி பூரித்துப்போனார். நான் அவரைவிடப் பூரித்திருந்தேன். அந்தப் பூரிப்பில், எண்ணெய் தேய்த்துவிடுகிற செல்லப்பா துண்டு காயப்போட ஒரு கம்பு கேட்டதும், கழற்றிய பழைய குழாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நானும் மலைக்குப் போனேன். முன்னால் மேனேஜர், பின்னால் அரிசி மூட்டைகளின் மேல் நான், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தோதாக. கடைசி வளைவில் அண்ணாச்சி முதல் கியரைப் போட்டு மிதித்தார். சத்தம் மட்டும் வளைவைத் தாண்டிப் போனது. வண்டி நின்ற இடத்திலேயே அணைந்து பின்னால் உருளத் தொடங்கியது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான இன்ஜினியரிங் அது ஒன்றுதான்.

மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். "என்னப்பா ஆச்சு?"

குழாய் தப்பு என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் சார்."

மேனேஜர் மெதுவாகத் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார். பெட்ரோல் போடுவது அவர் பொறுப்பு. பெட்ரோலை விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற டிரைவர்கள் உண்டு என்று மலையில் ஒரு பேச்சு இருந்தது. அது எனக்கும் தெரியும், சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி பாவம், டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்ஜினியர் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

மறுநாள் ஜீப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பாய் குழாயைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "மேல காத்தே கம்மி. உள்ள போறது கம்மின்னா வெளிய வாரதும் கம்மிதானலே, குழாய எதுக்குப் பெருசாக்குன? ஓஸ் வாய அமுக்கிப் பிடிச்சாத்தான் தண்ணி தூரம் போவும். மெதுவா ஏறுத வண்டிக்குப் புகையும் அப்படி வெரசலாப் போவணும். போயி பழச எடுத்துட்டு வா."

போனேன். செல்லப்பா குழாயைத் தர மறுத்தார். "துண்டு காயுதுல்லா, பொறவு வா" என்றார். சாரலில் துண்டு எப்போது காய்வது? குற்றாலத்து ஈரத் துண்டுகளுக்குக் கீழே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பாய் அந்தக் குழாயை மாட்டி, மெலிந்த காற்றுக்குத் தக்கபடி, கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டை ஒரு அளவு சின்னதாக்கினார். புதன்கிழமை ஜீப் அதே லோடோடு அதே வளைவில் ஏறியது. ஓட்டியது புது டிரைவர்.

அண்ணாச்சியிடம், "டேங்கக் கழுவியாச்சு. சத்தம் ஜாஸ்தின்னு குழாயையும் மாத்திட்டோம்" என்று இன்னொரு பொய்யையும் சொன்னேன். உண்மையைச் சொல்ல அவர் தெருமுனை வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு அவர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினார். என்னைக் கண்டால் நிறுத்தி, தன் பக்கத்தில் உட்கார வைப்பார். காசு வாங்க மாட்டார். பின்னால் திரும்பி எல்லோரிடமும் சொல்வார்: "நம்ம இன்ஜினியர் தம்பி. என் ஜீப்புக்கு ஒரு குழா போட்டான் பாருங்க! எவனோ பங்க்குல தண்ணியக் கலந்துட்டான், இல்லன்னா நான் இன்னும் மேலதான் இருந்திருப்பேன்." இறங்கும்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். குற்றாலம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, நினைத்து முடிப்பதற்குள் வந்துவிடும்.

பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தோட்டத்துப் பாதையில் வனத்துறை கேட் போட்டுப் பூட்டியிருக்கிறது.

ஐந்தருவியில் அந்த ஜீப்பிலிருந்து இறங்கிய இளைஞன் நான் குழாயையே பார்ப்பதைப் பார்த்துவிட்டான். "லடாக் போறோம் சார். பைப் எப்படி?" என்று சிரித்தான்.

எனக்கு என்ன வந்ததோ, சட்டென்று சொல்லிவிட்டேன். "தப்பு பெட்ரோல்ல இல்ல தம்பி. பைப்புலதான்."

"சார், இது டீசல் வண்டி" என்றான் பணிவாக.

எத்தனையோ வருஷம் கழித்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டிய தங்கையா அண்ணாச்சி போய்ச் சேர்ந்துதான் நாலு வருஷம் ஆகிறது.