ஹாலிலிருந்து சித்தி அறைக்கு ஒரு வயர்

2002-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் வகுப்பு முடிந்து எனக்குக் கோடை விடுமுறை. அன்றும் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படியே தொடங்கியது. அப்பா செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்தார். சித்தப்பா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்தார். வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த சித்தி, அந்த வாரத்துக்கான சேலைகளுக்கு இஸ்திரி போட்டாள். மத்தியானத்துக்குச் சொதி. தேங்காய்ப் பால் பிழிவது சித்தி, கொதிக்கவிடாமல் பார்த்து இறக்குவது அம்மா.

திருநெல்வேலி டவுனில் அந்த வீட்டில் அப்பாவும் அவருடைய தம்பியும் ஒரே அடுப்பில் குடும்பம் நடத்தினார்கள். எந்தப் பொருள் வாங்கினாலும் இருவரும் சேர்ந்தே வாங்குவார்கள். அந்தக் கோடையில் டேப் ரெக்கார்டர் கேசட்டுகளைத் தின்ன ஆரம்பித்திருந்தது. டிவியில் எல்லா முகமும் பச்சையாகத் தெரிந்தது. இரண்டுக்கும் பதிலாக என்ன வாங்குவது என்பதுதான் அன்றைய பேச்சு. எல்லாவற்றையும் செய்யும் ஒரு கம்ப்யூட்டரா, அல்லது பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகவா?

அதற்கு ஒரு மாதம் முன்பே சித்தி பெருமாள்புரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தாள் என்பதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்களிடையே தனிக்குடித்தனம் என்ற சொல்லை முதலில் யார் சொல்கிறாரோ அவர் மேல்தான் குடும்பத்தைப் பிரித்த பழி விழும். அதனால் எல்லோரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுக்கும் அண்ணாச்சி வந்தார். பை நிறைய வண்ண விளம்பரத் தாள்கள்.

"சார்வாள், ஒரே பெட்டி. பாட்டா, இதுல. படமா, இதுல. டிவியா, உள்ள ஒரு கார்டு சொருகுதேன், அதுவும் இதுல. பாப்பா படிக்கதும் இதுலதான். நாலு சாமான வாங்கி ஹால ஏன் கடையாக்குதீங்க?"

அடுக்களை வாசலில் நின்றிருந்த சித்தி கேட்டாள். "ஒண்ணு கெட்டா எல்லாம் நின்னு போயிரும்லா அண்ணாச்சி?"

"அதுக்குத்தான் நான் இருக்கேம்லா. போன் போட்டா ஓடியாருவேன்."

"போன வாரம் போட்ட போனுக்கு இன்னைக்கு ஓடியாந்திருக்கீரு" என்றார் சித்தப்பா.

"வந்துட்டேம்லா!" என்று அண்ணாச்சி சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சத்தமாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

அம்மா எதிர்பாராத உற்சாகத்தோடு கம்ப்யூட்டர் பக்கம் சேர்ந்துகொண்டாள். மிக்ஸி சுவிட்சைத் தவிர எதையும் தொடாதவள். "ஒரே சாமானா இருந்தா எல்லாரும் ஒண்ணா இருந்து பாக்கலாம்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"டிவின்னா இங்கன நின்னே பாத்துக்கிடுவேன் அக்கா" என்றாள் சித்தி. "கம்ப்யூட்டர்னா முன்னால நாற்காலியப் போட்டு உக்காரணும்லா."

இதற்கு விளக்கம் வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சித்தி அப்பாவின் முன்னால் உட்கார்ந்ததில்லை. கணவனின் அண்ணன் முன்னால் உட்காரக் கூடாது என்று வள்ளியூரில் அவள் பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவள் படங்களையெல்லாம் அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றே பார்த்தாள். அலுவலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள், வீட்டுக்கு வந்ததும் நின்றாள். அவளுக்குப் பிடித்த பாட்டு வந்தால் ஹாலுக்குள் வந்து சத்தத்தைக் கூட்ட முடியாது. என்னைத்தான் கண்ணால் கூப்பிடுவாள்.

"உக்காரேன்மா, யாரு வேண்டாம்னா?" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். அப்பா அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போனால் அவள் உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை.

"இருக்கட்டும் அத்தான். தனித்தனியா வாங்கிருவோம். அதுதான் நல்லது."

சித்தப்பா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஒருமுறை எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு வண்ணத் தாள்களைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். ஆர்டர் வாங்காமல் ஒரு வீட்டை விட்டு எழுந்திருப்பவர் அல்ல அவர். ஆனாலும், "அவசரமில்ல சார்வாள். பைய பேசிச் சொல்லுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் கையை விட்டுப் போகிறது என்று எனக்குப் பதறியது. சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஹால்லயே இருக்கட்டும். சித்தி ரூமுக்கு ஒரு வயர் இழுத்து, பழைய டிவிய அங்கன வச்சிட்டா? இங்க ஓடுறது அங்கயும் தெரியும்லா? சித்தி கட்டில்ல உக்காந்தே பாக்கலாம்."

அண்ணாச்சிக்கு வியாபாரம் திரும்பி வந்தது. "இழுக்கலாமே! ஏ தாயி, நீ என் கடைக்கு வேலைக்கு வந்துரு."

சித்தி நிலைப்படியை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்தாள். "வயரு எவ்வளவு தூரம்ட்டி போகும்?"

"எவ்வளவு தூரம்னாலும் போகும் சித்தி."

"அப்படிச் சொல்லாத பாப்பா" என்றார் அண்ணாச்சி. "ரொம்பத் தூரம் இழுத்தா படம் மங்கிரும். சத்தமும் வராது."

அம்மா எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவும் சத்தம் கேட்டது. அவளைப் பின்தொடர்ந்து சித்தியும் போனாள். நான் அடுக்களை வாசலில் போய் நின்று பார்த்தேன். ஒருத்தி கழுவினாள், ஒருத்தி துடைத்தாள்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "அளந்து வையி. பாப்போம்" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் அவரே, "தனித்தனியாவே வாங்கிருவோம்" என்றார். வழக்கமில்லாத வழக்கமாக, பாட்டுப் பெட்டியை அப்பாவும் புது டிவியைச் சித்தப்பாவும் தனித்தனியாக வாங்கினார்கள். சித்தப்பாவுடையது அட்டைப்பெட்டி பிரிக்காமலே அவர் அறை மூலையில் இருந்தது. அவர் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஆவணியில் சித்தப்பாவோடும் சித்தியோடும் அது பெருமாள்புரத்துக்குப் போனது. அப்பா தம்பிக்குச் சம்மதம் சொன்ன விதம் அதுதான். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லாமலே, பழி யார் மேலும் விழாமலே, காரியம் நடந்தது.

ஆனால் 13-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பல் விளக்கியதும் முதல் வேலையாக அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சித்தி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சேலை, ஈரத் தலை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தாள். ஹால் மூலையிலிருந்து சுவரோரமாக, அடுக்களை வாசலைத் தாண்டி, அவள் அறைக் கதவு வரைக்கும் துண்டு துண்டாக அளந்தோம். ஒவ்வொரு தடவையும் டேப் முடிந்த இடத்தில் அவள் சுவரில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள், நான் அங்கிருந்து மறுபடி தொடங்கும் வரை.

"கூடக் கொஞ்சம் வச்சுக்கோட்டி" என்றாள்.

"எதுக்குச் சித்தி? இவ்வளவு போதும்லா?"

"இருக்கட்டும்."

பேருந்துக்கு நேரமாகியும் அவள் விரலை எடுக்கவில்லை. சித்திக்கும் கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, அளவைச் சொல்ல அப்பாவிடம் ஓடினேன்.