ஆறு டிஸ்கும் ஒன்பது கோப்பும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் நானும் இன்னொருவரும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்தேழு வயது. பங்சாரில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் குமாஸ்தா. அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர இரவு ஷிஃப்ட். மாலை ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறுவார், காலை ஏழரைக்குத் திரும்புவார். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஒன்றரை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாங்கள் உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு.

நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்றாலும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. குளிக்கப் போனால்கூடத் தம் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். கீழே தபால் பெட்டியில் அவருக்குக் கடிதம் வந்தால் என் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிடுவார். வீட்டுக்காரர் எங்கள் இருவருடைய ஐ.சி., அதாவது அடையாள அட்டை நகலையும் கேட்டபோது நான் மறுநாளே கொடுத்துவிட்டேன். அவர் தாமே நேரில் கொடுப்பதாகச் சொல்லி, மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனார்.

அலுவலகத்தில் புதிய கணினிகள் வந்தபோது பழைய 386 ஒன்று எனக்குக் கிடைத்தது. அதை ஹாலில் ஒரு மேசைமேல் வைத்தேன். ஒரு மாதம் கழித்து அவர், பகலில் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாமா, வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்று கேட்டார். சரி என்றேன். ஆனால் அதற்கப்புறம் எத்தனையோ வாரம் போயும் அவர் வேலை மாறியதாகத் தெரியவில்லை. தினமும் மாலையில் நான் வரும்போது மானிட்டரின் மண்டை மட்டும் சூடாக இருக்கும். ஒரு விண்ணப்பத்தை இத்தனை நாளா அடிப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆறு டிஸ்கில் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து முதல் டிஸ்கைச் செருகி செட்டப்பை ஓட்டினேன். மெமரி போதவில்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது.

அன்றைய டாஸ் கணினிகளில் மெமரி எவ்வளவு இருந்தாலும் இந்த மாதிரி விளையாட்டுகள் முதல் 640 கிலோபைட்டுக்குள்தான் இடம் கேட்கும். என்னுடையது 590 கேட்டது. கணினியில் 550தான் காலியாக இருந்தது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மெம் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் நான் கேள்விப்படாத ஒரு புரோகிராம் நாற்பது கிலோபைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. கணினி கிளம்பும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பைத் திறந்தேன். கடைசியில் ஒரு வரி. நான் எழுதாத வரி. அதை அழித்தேன். மறுபடி கிளப்பினேன். இடம் கிடைத்தது. மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று அணைத்தேன்.

மறுநாள் மாலை அந்த வரி திரும்ப வந்திருந்தது.

மறுபடி அழித்தேன். அதற்கடுத்த நாளும் வந்தது. இப்படி மூன்று முறை. இது அவருடைய வேலையாக இருக்கும் என்று முதலில் தோன்றியது. ஆனால் விண்ணப்பம் அடிக்கிறவருக்கு ஆட்டோஎக்ஸெக்கில் என்ன வேலை? நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்தேன். அலுவலகத்தில் அந்தச் சீன நண்பரிடம் சொன்னபோது அவர் தயங்கவே இல்லை. அழித்த பிறகும் தானாக வந்து எழுதிக்கொள்கிறதென்றால் அது வைரஸ்தான் என்றார். அப்போது செய்தித்தாள்களில் வைரஸ் பற்றி அடிக்கடி எழுதுவார்கள். அந்த மனிதர் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவைத்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வீடு திரும்பினேன். அவர் இல்லை. விடுமுறை நாட்களில் அவர் கிள்ளானுக்குப் போவார், எதற்கு என்று சொல்லமாட்டார். முதல் வேலையாக அந்த வரியை அழித்துவிட்டு செட்டப்பை ஓட்டினேன். மெமரியைத் தாண்டியது. இப்போது ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்றது. எதை நீக்கலாம் என்று தேடிக்கொண்டு போனபோது, நான் உருவாக்காத ஒரு டைரக்டரி இருந்தது. உள்ளே ஒன்பது கோப்புகளும், அந்த நாற்பது கிலோபைட் புரோகிராமும், அதன் துணைக் கோப்புகளும்.

ஒன்பதில் ஒன்றைத் திறந்தேன். திரை முழுக்கக் கிறுக்கல். தலையில் புள்ளி வைத்த எழுத்துகள், பாதிப் பெட்டிகள், இரட்டைக் கோடுகள், பவுண்டு குறி. இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் அப்படியே. தேதிகளைப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றாகப் பெருகியிருந்தன. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நிச்சயமா என்று கணினி கேட்டது. ஒய் எழுத்தைத் தட்டினேன். கூடவே என்னுடைய பழைய கோப்புகள் சிலவற்றையும் நீக்கி இடம் பண்ணினேன்.

பிறகு ஆறு டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகச் செருகினேன். நான்காவது ரொம்ப நேரம் கரகரவென்று அரைத்தது, அந்த நண்பர்மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் படித்துவிட்டது. சவுண்ட் கார்டு எது என்று கேட்டபோது அப்படி ஒன்று என்னிடம் இல்லாததால் ஸ்பீக்கர் என்று கொடுத்தேன். விமானம் கொசு மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டு எழும்பியது. இருட்டும்வரை ஓட்டினேன். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை, நான் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். கை விசைப்பலகையில் இல்லை, மடியில் இருந்தது.

"தம்பி, மிஷின்ல எதையாச்சும் தொட்டீங்களா?"

"வைரஸ் இருந்துச்சுண்ணே. க்ளீன் பண்ணிட்டேன்," என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "யாருகிட்டயாச்சும் காட்டினீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அழிந்ததைவிட யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. அது வைரஸ் இல்லையென்றால் வேறென்ன என்று நான் கேட்டேன்.

"அது நான் பொறந்த கத தம்பி," என்றார்.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. பெற்றோர் சீக்கிரமே இறந்துவிட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் நாற்பது வயதிலும் அவரிடம் இருந்தது சிவப்பு ஐ.சி.தான். இந்த மண்ணிலேயே பிறந்தவர், ஆனால் குடிமகன் இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வீடு போகுமோ, எனக்குத் தெரிந்தால் நான் யாரிடமாவது சொல்வேனோ என்று பயந்திருக்கிறார். குடியுரிமைக்கு மனு போட, அந்தத் தோட்டத்தில் அப்போது இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் சொன்னதையெல்லாம் தமிழில் டைப் செய்து வைத்திருக்கிறார். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அதை மலாய் மொழியில் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

கணினியில் தமிழ் அடிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த நாற்பது கிலோபைட்டும் தமிழ் எழுத்தைத் திரையில் காட்டும் புரோகிராம். யாரோ நண்பர் டிஸ்கில் கொடுத்தது. தினமும் எழுத்து தெரியாமல் போனதும், டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் திரும்பத் திரும்ப அதை இன்ஸ்டால் செய்திருக்கிறார். அதுவே அந்த வரியை எழுதிவிடும். அது இல்லாமல் கோப்பைத் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும்.

காகிதத்தில் எழுதிய குறிப்புகள் இருக்குமே என்று கேட்டேன். டைப் செய்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுவாராம், யார் கையிலும் சிக்கக் கூடாது என்று.

டாஸில் அழித்ததை மீட்கும் அன்டெலீட் கட்டளை ஒன்று உண்டு. கோப்பை அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்து மட்டும் போய்விடும். மீட்கும்போது அதை நாம் சொல்ல வேண்டும். கட்டளையை ஓட்டினேன். பட்டியல் வந்தது, ஒவ்வொரு பெயருக்கும் தலையில் கேள்விக்குறி. முதல் எழுத்து என்ன என்று அவரைக் கேட்டேன்.

"நான் அடிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு விசை தட்டும் சத்தம், பிறகு நீண்ட இடைவெளி, இன்னொரு தட்டல். கோமுட்டர் ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்த திக்கைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். ஆறுதான் கேட்டது. மற்ற மூன்றின் இடத்திலும் என் விமானம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

புரோகிராமை மறுபடி ஏற்றி மீண்டவற்றை அவர் திறந்தார். தூரத்திலிருந்து பார்த்தேன், திரையில் வரிவரியாகத் தமிழ். போன மூன்றில் இரண்டு அவருக்கு ஏறக்குறைய மனப்பாடம். மூன்றாவதுதான் முக்கியமானது. அவர் பிறந்தபோது பக்கத்திலேயே இருந்த ஒரு பெண்மணி சொன்னது. நேற்றுதான் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டு வரப் போயிருக்கிறார்.

அடுத்த விடுமுறையில் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. என்னைத் தனியாக வீட்டில் விட்டுப் போவதைவிடக் கூட்டிக்கொண்டு போவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெண்மணிக்கு வயது அறுபதை நெருங்கியிருக்கும். கிள்ளான் பாசாரில் வாழை இலை விற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கண் என் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாவுக்கும் கையிலிருந்த ஃபைலுக்கும் போனது. இலையை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"இவரு யாரு? ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீஸா?"

கூட இருக்கிற தம்பி என்று அண்ணன் சொன்னார். எழுதினது போய்விட்டது, இன்னொரு தடவை சொல்லவேண்டும் என்றார். அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"ஒரு தடவ சொன்னத எதுக்கு ரெண்டாந்தடவ கேக்குறீங்க? மாத்திச் சொல்றேனான்னு பாக்கவா? நான் முன்னயும் ஒன்னும் சொல்லல, இப்பவும் ஒன்னும் சொல்லல."

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. பெரிய மகனுக்கும் சிவப்பு ஐ.சி.தானாம், அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அண்ணன் சோர்ந்துபோய் என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் நான் உள்ளதைச் சொன்னேன். அழித்தது நான்தான் ஆன்டி, கணினியில் இடம் பத்தவில்லை, விளையாட்டு ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது என்றேன்.

"என்ன வெளாட்டு?"

"ஏரோப்ளேன் ஓட்டுற வெளாட்டு."

"எங்க ஓட்டுவ?"

"அந்தப் பெட்டிக்குள்ளதான் ஆன்டி."

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "இது ஆபீசரு இல்ல. ஆபீசரு பொய் சொன்னா நம்புற மாதிரி சொல்லுவான்," என்றார். எங்களுக்கு இரண்டு கவிழ்த்த கூடைகளைக் காட்டினார், உட்காரச் சொல்லி.

வியாபாரத்துக்கு நடுவே அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவருக்கு அப்போது பதினைந்து வயது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவுக்குத் துணை. அண்ணனின் தாய் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தபோதே வலி கண்டு, லயத்து வீட்டுக்குப் போக முடியாமல் கொட்டகைக்கு நடந்து வந்திருக்கிறார். மற்ற குழந்தைகளை வெளியே மரத்தடிக்கு ஓட்டிவிட்டு, அவர்கள் தூங்கும் பாயிலேயே பிரசவம் பார்த்திருக்கிறார்கள். தொப்புள்கொடியைச் சுற்றக் கொட்டகைத் தூளியின் கரையைக் கிழித்தது தாம்தான் என்றார். பிறகு, போன தடவை சொல்லாத ஒன்றையும் சொன்னார். தாய் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கி முகத்தைப் பார்த்து, அப்பன் மாதிரியே சந்தேகமாகப் பார்க்கிறான் என்று சிரித்தாராம்.

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து, காய்கறிக் கடைகள் பக்கம் போய்விட்டார். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. ஒவ்வொரு பக்கத்திலும் கைநாட்டு வைத்தார். கடைசிப் பக்கத்தில் கீழே கொஞ்சம் வெறுமையாக இருந்தது. நாங்கள் அப்புறம் எதையாவது சேர்த்துவிடுவோம் என்று அந்தப் பகுதியைத் தம் கையாலேயே கிழித்து எடுத்துக்கொண்டார்.

நான் விளையாட்டை நீக்கவில்லை. அதற்கென்று, அந்த வரி இல்லாமல் கணினியைக் கிளப்பும் பூட் டிஸ்க் ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டேன். ஆட்டோஎக்ஸெக்கில் அவர் வரியை நான் தொடவில்லை. ஆனாலும் அவர் கோப்புகளை அதற்குப்பின் என் கணினியில் வைக்கவே இல்லை. டிஸ்கில் போட்டுச் சட்டைப் பையிலேயே கொண்டுபோவார். எனக்கு அது வலித்தது, சொல்ல முடியவில்லை. சில மாதங்களில் மனு கொடுத்துவிட்டு, ஷா ஆலம் பக்கமே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வருஷம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல ஐ.சி. கிடைத்துவிட்டது என்றார். நான் சந்தோஷத்தில் என்னென்னவோ பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்பர் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா தம்பி? எனக்கு இன்னும் நம்பிக்கை வரல," என்றார். அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். அட்டையை நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை. ஒரு முனையை அவர் பிடித்திருக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன்.