காலையில் மாறிப்போகும் அரக்கு

சென்ற மாதம் ஒரு செவ்வாய், காலை பத்து இருபதுக்கு போன். பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தரும் நண்பர் கஜேந்திரன். அவர் கடைக் கம்ப்யூட்டருக்கு நான்தான் மெக்கானிக்.

"சார், மறுபடியும் கலர் மாறிக்கினு இருக்குது! கஸ்டமர் வேற வந்து உக்காந்துக்கினு இருக்காங்க."

போனேன். காலை ஷிப்ட் சுமதி திரையைக் காட்டினார். அரக்குச் சேலை ரோஸ் பக்கம் சாய்ந்திருந்தது. செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, கலர் ஃபில்டர்ஸ் – ஆன். அணைத்தேன். அரக்கு திரும்பியது. ஆனால், இது மூன்றாவது முறை.

"யாரோ வேணும்னே நோண்டுறாங்க. யாருன்னு தெரியட்டும், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார் கஜேந்திரன்.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவன் நான். டைரியைப் புரட்டினேன். மூன்று முறையும் காலையில், கடை திறந்ததும். அப்படியானால் முந்தின நாள் மாலை ஷிப்ட்?

அன்று மாலை போய் உட்கார்ந்தேன். ஏழுமலை வந்தார்; நாற்பது வயது, பதினோரு வருட சர்வீஸ். உட்கார்ந்ததும் விண்டோஸ், கண்ட்ரோல், சி என்று மூன்று விசைகளைத் தட்டினார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"எனக்கு சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது சார். அரக்கு பார்டர்ல பச்சை மயில் இருந்தா, எனக்கு மயிலே இருக்காது. இதைப் போட்டாத்தான் வரும். வாலாஜாபாத் பஸ்ஸுக்கு ஓடுற அன்னிக்கு அணைக்க மறந்துடுறேன்... முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. பட்டு ஊர்ல கலர் தெரியாதவனுக்கு யார் சார் வேலை குடுப்பாங்க?"

கஸ்டமர் வந்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவாராம்.

மூன்று முறை 'சரிசெய்தேன்' என்று டைரியில் இருக்கிறது. அவருடைய மூக்குக்கண்ணாடியை மூன்று முறை கழற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்!

நான் சொல்லவில்லை. இருவருக்கும் தனித்தனி யூசர் அக்கவுண்ட், பாஸ்வேர்டு போட்டேன். அவருடையதில் ஃபில்டர் எப்போதும் ஆன், சுமதியுடையதில் ஆஃப். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த வார வியாழன் மாலை, ஷிப்ட் மாறும் நேரம். "பாஸ்வேர்டு போட்டதும் நின்னுபோச்சே... காலையில உன் ஷிப்ட்லதானே மாறிச்சு, அப்ப நீதானம்மா நோண்டினது?" என்று கஜேந்திரன் சுமதியைப் பிடித்துக்கொண்டார். சுமதிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா இல்ல முதலாளி, நான்தான்" என்றார் ஏழுமலை. எல்லாவற்றையும் சொன்னார்.

கஜேந்திரன் ஒரு சேலையை எடுத்து நீட்டினார். "இது இன்னா கலரு?"

"தெரியல முதலாளி."

கஜேந்திரன் சேலையை மடித்து வைத்தார்.

"பதினோரு வருஷமா நீ போட்ட டிசைன் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லையேப்பா... போ, போய் வேலையைப் பாரு. சுமதிம்மா, நீ கண்ணைத் தொடைம்மா."

இப்போதெல்லாம் ஏழுமலை டீக்கு ஓடுவதில்லை. "எனக்குக் கலர் தெரியாதும்மா, சுமதி அக்காவைக் கேளுங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அது கிடக்கட்டும். அரக்குக்கும் மெரூனுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது – என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்!