ரங்கத்தில் வந்த டிவி மெக்கானிக்

வேனையே வீடாக்கித் தீவைச் சுற்றிவந்த எங்களிடமிருந்த பழைய டிவி எல்லா முகங்களையும் பச்சையாகவே காட்டும். மெயின்லேண்டிலிருந்து புது டிவி கப்பலில் வந்து சேர ஒரு மாதமாயிற்று. அது வந்த அன்று மாலையே கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை அதில் காட்டுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ரங்கத் என்ற தீவு ஊரில் கிடைத்த மெக்கானிக் ஒல்லியானவர், காதில் டெஸ்டர் செருகியிருந்தார். எதையும் தொடுவதற்குமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பொருளின்மேலுள்ள பொடி எழுத்துகளை முழுக்கப் படிப்பார். அவர் அட்டைப்பெட்டியைப் படித்து முடிப்பதற்குள், பொறுமையிழந்த நான் பெரிய புது டிவி நுழைவதற்காக வேனின் டிவி அலமாரியை ரம்பத்தால் அறுத்தே முடித்துவிட்டேன்.

"நஹி சலேகா, ஓடாது சார். இது வீட்டுக் கரண்டுல ஓடுறது. உங்க வண்டில பேட்டரிதான இருக்கு?"

"இன்வெர்ட்டர் போட்டா?"

"போடலாம். மேட்ச் முடியறதுக்குள்ள பேட்டரி உக்காந்துரும். காலைல பாராடாங் போற ஃபெர்ரியப் பிடிக்க நீங்களும் அக்காவும் வண்டியத் தள்ளிட்டுப் போகணும்."

மனைவி சிரிக்கவில்லை.

"அறுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?" என்றேன்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். நீங்க அவ்ளோ ஜோரா அறுத்துட்டிருந்தீங்க, நிறுத்த மனசு வரல."

வண்டி பேட்டரியிலேயே ஓடும் பழைய டிவியை அந்தப் பெரிய ஓட்டையில் கயிற்றால் கட்டி, ஆட்டத்தை ஓடவிட்டுத்தான் போனார். நான் அறுத்தபோது அவர் தடுக்காதது மரியாதையாலா, வேடிக்கை பார்க்கவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மனைவிக்கு அதில் சந்தேகமே இல்லை.