இடது மூலையில் ஒரு துண்டு வெல்லம்

வாசற்படியில் பாகற்காய் கிடந்தால் ஹிசாயேவுக்குச் சந்தேகம் வந்தது. மே மாதம் பிறந்து இது மூன்றாவது தடவை. மேட்டு வீட்டு மாயேசாடோ கன்யே கொடியில் பறித்த கையோடு கொண்டுவந்து, கதவைத் தட்டாமல், வைத்துவிட்டுப் போகிறார். ஒகினாவாவில் அண்டை வீட்டுக்குப் பாகற்காய் கொடுப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கன்யே யாருக்கும் எதையும் கொடுத்துப் பழகாத மனுஷர். அவள் போரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கை நீண்டது.

யோனமினே ஹிசாயேவுக்கு ஐம்பத்தோரு வயது. பாலர் பள்ளி டீச்சராக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள். வெள்ளாட்டைப் பற்றி ஒன்று, புயலைப் பற்றி ஒன்று, பல் விழுந்த பையனைப் பற்றி ஒன்று என்று மூன்று படப் புத்தகங்கள் எழுதியிருந்தாள். மூன்றையும் ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. நான்காவது, ஊருக்குப் பின்னால் இருக்கும் குகையைப் பற்றி. ஐம்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கக் கப்பல்கள் குண்டு பொழிந்தபோது ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேர் அதற்குள் ஒளிந்திருந்தார்கள். ஜப்பான் சிப்பாய்களும் அதே குகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஜூன் மாதம் இருபத்து மூன்றாம் தேதி, போரில் செத்தவர்களை நினைக்கும் நாளில், பள்ளிக்கூடத்தில் இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

அவள் பிறந்ததே போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து. கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டால் எல்லோரும் பேசிவைத்த மாதிரி ஒரே பதில் சொன்னார்கள்: "இருட்டா இருந்துச்சு. பசிச்சுது." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவளுடைய அம்மா கமே, எழுபத்தெட்டு வயது, அந்தக் குகையிலிருந்து உயிரோடு வந்தவள், ஒரே வீட்டில் இருப்பவள், அவளும் அதே இரண்டு வாக்கியம்தான். ஹிசாயே நோட்டுப் புத்தகத்தோடு கடைக்குப் போனால் பேச்சு டக்கென்று நின்றுவிடும். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் கொஞ்சம் வாயைத் திறந்தார். சிப்பாய்கள் தங்கள் உத்தரவைச் சொல்லியனுப்ப உள்ளூர்ப் பையன் ஒருவனை வைத்திருந்தார்களாம். பதினாலு வயசு. "குழந்தை அழக்கூடாது, அழுதா வெளியே போ" என்று வந்து சொன்னவன் அவன்தானாம். பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஹிசாயே வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினாள். அந்த வருஷம் பதினாலு வயதாக இருந்து, இப்போது உயிரோடு இருக்கும் ஆண்பிள்ளை ஊரில் ஒருவர்தான். பாகற்காய்க் கன்யே.

புத்தகத்தில் அவள் பெயர் போடவில்லை. "ஒரு பெரிய பையன் வந்து, யாரும் அழக்கூடாதாம் என்று சொன்னான்" என்று மட்டும் எழுதினாள். ஆனால் ஊருக்குத் தெரியாதா என்ன.

ஹிசாயேவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன், அச்சகம் அனுப்பும் மாதிரிப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஊர் மன்றத்தில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பால் மாட்டி, பக்கத்திலேயே ஒரு பென்சிலையும் தொங்கவிட்டுவிடுவாள். ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் ஓரத்தில் எழுதலாம். ஆட்டுக்குக் காது அப்படி இருக்காது, சர்க்கரைவள்ளி இலை இவ்வளவு கூராக இருக்காது என்று எழுதித் தள்ளுவார்கள். இந்தத் தடவையும் எழுதினார்கள். குகைப் பக்கங்களில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது கடைசிப் பக்கம். அதில் போர் இல்லை, குண்டு இல்லை. போர் முடிந்த பிறகு ஒரு சிறுமியும் அவள் அம்மாவும் ஏப்ரல் மாதத்தில், சின்ன வீடு மாதிரிக் கட்டிய குடும்பக் கல்லறைக்குப் போகிறார்கள். முன்னால் பாய் விரித்து, பலகாரப் பெட்டியைத் திறந்து, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்கு முன் அம்மா கல்லறைச் சுவரின் இடது மூலையில், காவல் தெய்வத்துக்கு, ஒரு துண்டு கரும்பு வெல்லம் வைக்கிறாள். ஹிசாயே சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்தது. புத்தகத்திலேயே சண்டை சச்சரவு இல்லாத பக்கம் என்று நினைத்திருந்தாள்.

அந்தப் பக்கத்துக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. வாய்க்கொழுப்புக்குப் பேர் போன உஷி பென்சிலைக் கையில் எடுத்தாள், தாளில் வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள்.

"என்ன உஷி அக்கா, எங்கயாச்சும் தப்பா?"

"கண்ணு தெரியலடி" என்றாள் உஷி. நேற்றுத்தான் படத்து ஆட்டுக்கு ஒரு குளம்பு குறைகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்.

ஐந்தாம் நாள் அந்தப் பக்கத்தைக் காணவில்லை. கயிற்றில் இரண்டு கிளிப் மட்டும் இருந்தன. மறுநாள் நாஹா நகரத்து அச்சகத்திலிருந்து போன்.

"டீச்சர், உங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்திருந்தாரு. கடைசிப் பக்கத்துல அந்த வெல்லத்தை வலது பக்கம் மாத்தணுமாம். நீங்க ஒத்துக்கிட்டதா சொன்னாரு."

"யாரு அது?"

"பேரு சொல்லல. ஒரு பை பாகற்காய் குடுத்துட்டுப் போனாரு."

ஹிசாயேவுக்கு ரத்தம் கொதித்தது. கன்யே பந்தலுக்கு அடியில் காய்க்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய் நின்றாள்.

"மாமா, உங்களுக்கு உறுத்துதுன்னா அந்தப் பையன் பக்கத்தைத் திருடியிருக்கணும். வெல்லம் உங்கள என்ன பண்ணுச்சு?"

"பையன் பக்கம் அப்படியே இருக்கட்டும். அது நடந்ததுதானே."

மறுப்பார், சத்தம் போடுவார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"காவல் தெய்வம் எந்தப் பக்கம் இருக்கும், சொல்லு" என்றார் கன்யே.

"இடது பக்கம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"கல்லறைக்கு இடது. உள்ள படுத்துக்கிட்டு வெளிய பாக்கறவங்களுக்கு இடது. எதுக்க நிக்கற நமக்கு அது வலது. உஷி ஊதுபத்தி எங்க ஏத்தறா? உன் அத்தை எங்க ஏத்துவா? எல்லாம் வலது பக்கம்தான். உங்கம்மாவும் ஊதுபத்திய அங்கதான் ஏத்துவா."

ஹிசாயே யோசித்துப் பார்த்தாள். ஊதுபத்தி வலது பக்கம். ஆமாம். வெல்லம் மட்டும் இடது பக்கம். இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றாகவே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"அப்ப வெல்லம் யாருக்கு?"

கன்யே கையிலிருந்த காகித உறையைக் கசக்கினார். "கைக்குழந்தைய கல்லறைக்குள்ள வெக்கறதில்லையே நாம. வெளிய, சுவரோரமாத்தான் புதைப்போம். உனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தான். அஞ்சு மாசம். குகையில அழுதான். நான்தான் போய்ச் சொன்னேன், அழக்கூடாதாம்னு. உங்கம்மா அவன மார்போட அமுக்கிக்கிட்டா. அப்புறம் சத்தம் வரல."

கசக்கிய உறையை அவர் கீழே போட்டார். "சத்தம் நின்னதும் எங்க எல்லாருக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. நாப்பது பேருக்கும். அத எப்படிம்மா உன்கிட்ட சொல்றது? அந்தப் படத்தப் பாத்தா ஊருக்கே புரியும், கமே யாருக்கு வெல்லம் வெக்கறான்னு. கிழவி நிம்மதியா போய்ச் சேரட்டும்னுதான் மாத்தச் சொன்னேன்."

ஹிசாயேவுக்கு அவர் மேல் கோபமும் இரக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் திரும்பி நடந்தாள். அச்சகத்துக்குப் போன் செய்து, வலது பக்கமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் ஊரோடு சேர்ந்துகொண்டாள்.

நான்கு நாளில் திருத்திய பக்கம் தபாலில் வந்தது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா உறையைப் பிரித்துச் சமையலறை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி நறுக்கிய பாகற்காய்.

"நீயே மாத்துனியா, கன்யே மாத்தச் சொன்னானா?"

"ரெண்டு பேரும்தாம்மா."

"உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்ல." கமே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். வலது பக்கத்து வெல்லத்தைக் குறுக்கே அடித்தாள். இடது மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து, கறுப்பாகும் வரை தீற்றினாள். "வெல்லத்தையும் தெய்வத்துக்கே குடுத்துட்டா அவன் என்ன பண்ணுவான்?"

"அண்ணன் பேரு என்னம்மா?"

"மோரியோ." அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். "பேரக் கேக்க உனக்கு இவ்வளவு நாளாச்சு. நோட்டும் கையுமா ஊரெல்லாம் சுத்துனியே."

அன்று மத்தியானம் வரை ஹிசாயே அழுதாள். பிறகு உட்கார்ந்து, "காவல் தெய்வத்துக்கு" என்பதை அடித்துவிட்டு "மோரியோவுக்கு" என்று எழுதினாள். திங்கட்கிழமை பக்கங்களை மறுபடி மன்றத்தில் மாட்டினாள், அம்மாவின் கறுப்புக் கட்டத்தோடு. உஷி படித்தாள், மூக்கைச் சிந்தினாள், ஆட்டின் குளம்பு சரியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கன்யே வந்தார். ஹிசாயே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? மறுபடி எதையாவது கிழிக்கப் போகிறார் என்றுதான் பார்த்தாள். அவர் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கயிற்றோடு பின்னால் நடந்து குகைப் பக்கத்துக்கு வந்து, தொங்கிய பென்சிலைப் பிடித்து ஏதோ எழுதினார். எழுதி முடித்துக் குனிந்தபடியே வெளியே போனார்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். "ஒரு பெரிய பையன்" என்பதில் கோடு போட்டு, ஓரத்தில், கோணல் எழுத்தில், தப்பைத் திருத்தும் எல்லோரையும் போலவே எழுதியிருந்தார்: "மாயேசாடோ கன்யே."